முதுமையிலும் ஓயாத திருமுறை: மூத்த அடியார்களின் குரல் நலம் பேணல்

சைவ சமயம் இசையோடு வளர்ந்த சமயமாகும். மலர் தூவி வழிபடுவது போலவே பாமாலை சூட்டியும் இறைவனை வழிபடலாம் என்பதை நாயன்மார்கள் தம் வாழ்வால் காட்டிச் சென்றனர். சமயகுரவர் நால்வருள் திருஞானசம்பந்தர் 16 வயதிலும், சுந்தரமூர்த்தி நாயனார் 18 வயதிலும், மாணிக்கவாசக சுவாமிகள் 32 வயதிலும் இறைவனடி சேர்ந்தனர் என்பது மரபு. திருநாவுக்கரசு நாயனார் மட்டுமே முதுமையைக் கண்டவர். அவர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பர்.

சூலைநோய் வருத்திய உடலோடு திருவதிகையில் பாடத் தொடங்கிய அப்பர் சுவாமிகள், தலந்தோறும் நடந்து சென்று, கையில் உழவாரமும் நாவில் தமிழுமாகத் தொண்டு செய்தார். இறுதியில் திருப்புகலூரில் தாண்டகம் பாடியே சித்திரைச் சதயத் திருநாளில் சிவனடி கலந்தார். இன்று கிடைக்கும் அவருடைய பதிகங்கள் 312. உடல் தளர்ந்த பின்னரும் அவருடைய பாட்டு ஓயவில்லை. வயது போய்விட்டது, இனி எப்படிப் பாடுவது என்று தயங்கும் மூத்த அடியார்களுக்கு இதைவிடச் சிறந்த முன்னுதாரணம் வேறில்லை.

கோயில்களில் காணப்படும் நிலை

இலங்கையின் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் உள்ள ஆலயங்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமைக் கூட்டுப்பிரார்த்தனையையும், மார்கழித் திருவெம்பாவையையும், புராண படனத்தையும் தாங்கி நிற்பவர்கள் மூத்தவர்களே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 12 வீதத்தினர். அதன் பின்னர் அவ்வீதம் மேலும் உயர்ந்துள்ளது. போரினாலும் புலம்பெயர்வினாலும் இளையோர் பலர் ஊரை விட்டுச் சென்றுவிட்ட கிராமங்களில் இந்நிலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

இத்தகைய கோயில்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். முப்பது, நாற்பது ஆண்டுகளாக முன்வரிசையில் இருந்து தேவாரம் எடுத்துக் கொடுத்த ஓர் அம்மையாருக்குத் தொண்டை கம்முகிறது. மேல் சுரம் எட்டவில்லை. பாட்டின் நடுவே இருமல் வருகிறது. அருகில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த வெள்ளி அவர் இரண்டாம் வரிசையில் அமர்கிறார். சில மாதங்களில் தூணோரம் அமர்ந்து வாயை மட்டும் அசைக்கிறார். பிறகு கோயிலுக்கு வருவதே குறைந்துவிடுகிறது. "குரல் போட்டுது பிள்ளை, இனி நீங்கள் பாடுங்கோ" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார். ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனால் இருக்கும்படி கேட்டவர்களும் இல்லை.

அவரோடு போவது ஒரு குரல் மட்டுமன்று. கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் 10,345 பாடல்களைக் கொண்டது. யாழ்ப்பாணத்து மரபில் ஒருவர் பாடலை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். எந்தப் பாடலை எந்த இராகத்தில் எடுப்பது, எவ்விடத்தில் சொல்லைப் பிரிப்பது, எங்கே நிறுத்திப் பயன் சொல்பவருக்கு இடம் விடுவது என்பன எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. காதால் கேட்டு, அருகிருந்து பழகி வந்தவை அவை. சுன்னாகம் வரத பண்டிதர் பாடிய பிள்ளையார் கதையைப் பெருங்கதை விரதத்தின் 21 நாளும் படிக்கும் ஓசையும் இவ்வாறே வந்தது. மூத்தவர் பாடுவதை நிறுத்தினால் அந்த ஓசை அவரோடு நின்றுவிடும்.

இவ்வாறு ஒதுங்குவோரில் பலருக்குக் குரல் உண்மையில் போய்விடவில்லை. வயதுக்கு ஒவ்வாத சுருதி, வரண்ட தொண்டை, தயார்ப்படுத்தாமல் உரத்துப் பாடுதல், கவனிக்கப்படாத நோய் முதலிய காரணங்களே அவர்களை நிறுத்துகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை திருத்தக் கூடியவை.

முதுமையில் குரலுக்கு என்ன நடக்கிறது?

குரல் பிறப்பது கழுத்தின் முன்புறத்திலுள்ள குரல்வளையில். அங்கே இரண்டு சிறிய தசை மடிப்புகள் உள்ளன. இவை குரல்நாண்கள் எனப்படும். வளர்ந்தோரில் இவற்றின் நீளம் ஒரு சதமமீற்றர் முதல் இரண்டு சதமமீற்றர் வரையே. நுரையீரலில் இருந்து எழும் காற்று இவற்றிடையே செல்லும்போது அவை அதிர்கின்றன. சாதாரணமாகப் பேசும்போது ஆண்களில் செக்கனுக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களில் ஏறத்தாழ இருநூறு முறையும் அவை அதிரும். மேல் சுரத்தில் பாடும்போது இந்த எண்ணிக்கை இன்னும் பல மடங்காகும்.

வயது ஏறும்போது கைகால் தசைகள் மெலிவது போலவே குரல்நாண்களின் தசையும் மெலிகிறது. இரண்டும் முழுமையாக ஒன்றையொன்று தொடாமல் நடுவே சிறு இடைவெளி விழுகிறது. அவ்வழியே காற்று வீணாக வெளியேறுவதால் குரல் மெலிந்தும் காற்றுக் கலந்தும் ஒலிக்கிறது. நாண்களை ஈரமாக வைத்திருக்கும் மெல்லிய சளிப்படலம் வரள்கிறது. குரல்வளையின் கசியிழையங்கள் இறுகுகின்றன. நெஞ்சுக்கூட்டின் நெகிழ்ச்சியும் நுரையீரலின் மீள்தன்மையும் குறைவதால் ஒரே மூச்சில் பாடக்கூடிய அடி சுருங்குகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களின் குரல் தாழ்கிறது. ஆண்களின் குரலோ முதுமையில் சற்று உயர்கிறது. ஆகவே இளமையில் பாடிய அதே கட்டையில் முதுமையிலும் பாட வேண்டும் என்று எண்ணுவது இயற்கைக்கு மாறானது. இந்த மாற்றங்கள் எவையும் நோய் அல்ல. முறையாகப் பயிற்சி செய்யும் தசை, பயிற்சியின்றி விடப்பட்ட தசையை விட நெடுங்காலம் உறுதியாக இருக்கும் என்ற விதி குரலுக்கும் பொருந்தும். பாடுவதை முற்றாக நிறுத்திவிட்டால் குரல் இன்னும் விரைவாகத் தளரும்.

சேர்ந்து பாடுவதால் வரும் நன்மை

அமெரிக்காவின் வாசிங்டன் நகரப் பகுதியில் வைத்தியர் ஜீன் கோகன் என்பவர் மூத்தோரிடம் நடத்திய ஆய்வொன்று 2006இல் வெளியானது. அதில் 166 பேர் பங்குபற்றினர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 80. பயிற்றுநர் ஒருவரின் கீழ் குழுவாகப் பாடியவர்கள், பாடாதவர்களை விடக் குறைந்த தடவையே வைத்தியரிடம் சென்றனர். உட்கொண்ட மருந்துகளும் குறைவு. விழுந்து காயப்படுவதும் குறைந்திருந்தது. பின்னர் சான்பிரான்சிஸ்கோ நகரில் 12 முதியோர் நிலையங்களில் 390 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாதம் சேர்ந்து பாடியவர்களுக்குத் தனிமையுணர்வு குறைந்து, வாழ்வில் நாட்டம் கூடியிருந்தது. ஆனால் நினைவாற்றலிலோ உடல் வலுவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், பாட்டு எல்லா நோய்க்கும் மருந்து என்று கூற முடியாது. ஆனால் தனிமையை அது போக்குகிறது என்பது தெளிவு. பிள்ளைகள் தூர தேசத்தில் வாழ, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு வாரத்தில் ஒரு நாள் கோயிலில் பத்துப் பேரோடு அமர்ந்து பாடக் கிடைப்பது சிறிய காரியமன்று. அவர் வராத வெள்ளியன்று "ஏன் வரேல்லை?" என்று கேட்க ஆட்கள் இருப்பதே அவருக்குப் பெரிய பாதுகாப்பாகும்.

சுருதியைத் தாழ்த்துதல்

மூத்தோர் குழுவுக்குச் செய்ய வேண்டிய முதல் உதவி சுருதியைச் சரிசெய்வதாகும். பொதுவாக ஆண்கள் ஒன்று முதல் இரண்டு கட்டை வரையிலும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டை வரையிலும் பாடுவர். அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் தம் பழைய சுருதியில் இருந்து அரைக் கட்டையோ ஒரு கட்டையோ தாழ்த்திக்கொள்வது நல்லது. பாட்டின் தொடக்கத்தைக் கொண்டு சுருதியைத் தீர்மானித்தல் கூடாது. தொடக்கம் எவருக்கும் எளிதாகவே இருக்கும். அப்பாடலில் வரும் மிக உயர்ந்த இடத்தை முதலில் மெதுவாகப் பாடிப் பார்க்க வேண்டும். கழுத்து நரம்பு புடைக்காமல், நாடி மேலே தூக்காமல் அந்த இடத்தைத் தொட முடிந்தால் அதுவே பொருத்தமான சுருதி.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும்போது ஒரு சாராருக்கு ஏற்ற சுருதி மற்றவருக்குத் துன்பமாகிவிடும். ஒரு பதிகத்தைப் பெண்கள் தம் சுருதியிலும், அடுத்த பதிகத்தை ஆண்கள் தம் சுருதியிலும் பாடுவது இதற்கு எளிய வழி. மின்சுருதிப் பெட்டியில் கட்டையை மாற்ற ஒரு நொடி போதும். ஒரு சாரார் பாடும்போது மற்றவருக்கு ஓய்வும் கிடைக்கும்.

இராகத் தெரிவும் உதவும். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி ஆகியன நிஷாதத்தோடு நின்றுவிடும் இராகங்கள். மேல் ஸட்ஜத்துக்கு அவை ஏறுவதில்லை. நவரோசு இன்னும் தாழ்ந்தது. கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்துக்குள்ளேயே அது அடங்கிவிடும். தேவாரப் பண்களுள் சீகாமரம் நாதநாமக்கிரியையிலும், கொல்லி நவரோசிலும் பாடப்படுகின்றன. ஆகவே குரல் தளர்ந்தவர்களுக்குச் சீகாமரப் பண்ணிலும் கொல்லிப் பண்ணிலும் அமைந்த பதிகங்களைத் தெரிந்து கொடுக்கலாம். மேல் சுரம் எட்டாதவருக்கும் திருமுறையில் இடம் உண்டு என்பதைப் பண்ணிசை மரபே காட்டுகின்றது.

பாடுமுன் ஐந்து நிமிடம்

கட்டியிருந்த மாட்டை அவிழ்த்தவுடன் ஓட விடுவதில்லை. குரலும் அவ்வாறே. கோயிலுக்கு வந்து அமர்ந்தவுடன் உச்சத்தில் பாடத் தொடங்குவது குரல்நாண்களுக்குக் கேடு. பின்வரும் பயிற்சிகளைக் கோயில் வாசலிலோ வீட்டிலோ செய்துகொள்ளலாம்.

முதலில் தோள்களை மெதுவாக உயர்த்தித் தாழ்த்தி, கழுத்தை இரு பக்கமும் மெல்லத் திருப்ப வேண்டும். தலைச்சுற்று உள்ளவர்கள் கழுத்தைச் சுழற்றுதல் ஆகாது. அடுத்து வாயை மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாதபடி வைத்து, "ம்" என்று மெல்லிதாக ஒலிக்க வேண்டும். ஓங்காரத்தின் ஈற்றில் வரும் மகர ஒலி இதுவே. உதட்டிலும் மூக்கின் இரு புறத்திலும் சிறு அதிர்வு தெரிந்தால் சரியாகச் செய்கிறார் என்று கொள்ளலாம். பின்னர் அதே "ம்" ஒலியைத் தாழ்ந்த இடத்தில் இருந்து உயர்ந்த இடத்துக்கு வழுக்கிச் சென்று மீண்டும் இறங்க வேண்டும்.

குழந்தைக்கு வாகனம் ஓட்டிக் காட்டும்போது உதடுகளை "புர்ர்" என்று அதிரச் செய்வது போலச் செய்வதும் நல்ல பயிற்சி. மற்றொன்று, பாதியளவு நீருள்ள குவளையில் குளிர்பானம் அருந்தும் உறிஞ்சு குழாயை இரண்டு விரல் ஆழத்துக்கு வைத்து, குமிழி எழும்படி "ஊ" என்று ஒலித்தல். வாய்வழி ஓரளவு அடைபட்டிருக்கும்போது காற்றின் அழுத்தம் பின்னோக்கி நின்று குரல்நாண்களை மெதுவாக விரித்துத் தாங்குகிறது. அதனால் அவை பலமாக மோதிக்கொள்ளாமல் அதிர்ந்து பழகும். குரல் வைத்தியத்திலும் இம்முறை கையாளப்படுகின்றது. இறுதியாக ஸ ரி க ம என்று ஒவ்வொரு சுரமாகத் தாழ்ந்த குரலில் பாடி முடித்தால் போதும். பாடி முடித்த பின்னரும் ஒரு நிமிடம் "ம்" என்று மேலிருந்து கீழ் இறங்கினால் களைத்த தொண்டை இளகும்.

மூச்சும் அமர்வும்

கூனி அமர்ந்தால் வயிறு மடிந்து மூச்சு அடைபடும். நிலத்தில் சப்பணமிட்டு அமர்ந்து முதுகை நிமிர்த்தி வைக்கக் கூடியவர்கள் அவ்வாறே அமரலாம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் சிறிய வாங்கிலோ கதிரையிலோ, சாய்ந்துகொள்ளாமல் முன்பக்கமாக, இரு பாதங்களும் நிலத்தில் படும்படி அமர வேண்டும். கோயிலில் கதிரையில் அமர்வது மரியாதைக் குறைவு என்று எண்ணி வலியோடு நிலத்தில் இருந்து பாடுவோர் உண்டு. இயலாமையால் அமர்வது அவமதிப்பாகாது.

மூச்சை நெஞ்சு உயர எடுக்காமல், விலாவும் வயிறும் விரியுமாறு எடுக்க வேண்டும். முழு அடியையும் ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருள் சிதையாத இடத்தில் நிறுத்தி மூச்சு எடுக்கலாம். குழுவாகப் பாடும்போது அருகில் உள்ளவர் மூச்சு எடுக்கும் இடத்தில் தாம் பாடி, அவர் பாடும் இடத்தில் தாம் மூச்சு எடுத்தால் பாட்டு அறுபடாமல் செல்லும். ஒருவரின் குறையை மற்றவர் நிறைப்பதே கூட்டு வழிபாட்டின் சிறப்பு. உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி உச்சத் தொனியில் இழுத்துப் பாடுவதைத் தவிர்க்க வேண்டும்.

நீரும் உணவும் விரதமும்

குடிக்கும் நீர் குரல்நாண்களைத் தொடுவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும். நீர் இரைப்பை, குடல், குருதி வழியாகச் சுற்றிவந்தே அங்குள்ள படலத்தை ஈரமாக்குகிறது. ஆகவே பாடத் தொடங்கும்போது ஒரு மிடறு குடிப்பது போதாது. ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே குடித்திருக்க வேண்டும். முதுமையில் தாகவுணர்வு குறைந்துவிடுவதால், தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் நேரம் பார்த்துக் குடிப்பது நல்லது. இருதய நோய், சிறுநீரக நோய் காரணமாக நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் வைத்தியர் கூறிய அளவை மீறக் கூடாது.

இளஞ்சூடான நீர், மல்லித் தண்ணீர், வேர்க்கொம்பு சேர்த்த நீர் என்பன தொண்டைக்கு இதமளிக்கும். இதம் வேறு, மருந்து வேறு என்பதை மறத்தலாகாது. இரவில் வயிறு நிறைய உண்டு உடனே படுப்பவர்களுக்கு இரைப்பையின் அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். காலையில் குரல் கம்முவதற்கு இது ஒரு காரணம். உண்டபின் இரண்டு, மூன்று மணித்தியாலம் கழித்தே படுக்கைக்குச் செல்ல வேண்டும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டால் குரல் திறக்கும் என்று சிலர் நம்புகின்றனர். இது தவறு. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்குக் கூடப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. சுவாமிக்குத் தாம்பூலம் படைப்பது வழிபாட்டு முறை. அதை நாள்தோறும் மெல்லுவது உடலுக்குக் கேடு.

கந்தசஷ்டி, பெருங்கதை முதலிய விரத நாட்களிலேயே பாட்டும் படிப்பும் அதிகம். வரண்ட தொண்டையோடும் வெறும் வயிற்றோடும் நெடுநேரம் பாடுவது மூத்தோருக்குக் கடினம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்குக் குருதியில் வெல்லம் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். இவர்கள் விரதம் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும். முழு உபவாசம் இயலாதோர் ஒருபொழுது உண்டோ, பாலும் பழமும் கொண்டோ நோற்கும் வழி சைவ மரபில் உள்ளது. உடலை வருத்தி விழுவதை விட, இயன்றதை நோற்று ஆறு நாளும் பாடி முடிப்பது மேலானது.

மருந்தும் எச்சரிக்கை அறிகுறிகளும்

சில மருந்துகள் தொண்டையை வரளச் செய்யும். தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் சில குளிசைகள், சிறுநீரைப் போக்கும் குளிசைகள் என்பன இவ்வகையின. தொய்வு நோய்க்கு உள்ளிழுக்கும் மருந்துகளில் ஸ்ரெரொயிட் வகையானவை குரலைக் கம்மச் செய்வதுண்டு. அவற்றை எடுத்தபின் வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். குரலுக்காக எந்த மருந்தையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பாடுவதால் வரும் சிரமத்தை வைத்தியரிடம் கூறினால் மாற்று வழி காணலாம். பொருந்தாத பொய்ப்பற்கள் உச்சரிப்பைக் கெடுத்து நாடியை இறுக்கும் என்பதால் அவற்றையும் சரிசெய்தல் நன்று.

குரல் கம்மியிருக்கும் நாளில் பாடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்பது தவறான எண்ணம். அதுவும் குரல்நாண்களை வருத்தும். தொண்டையை அடிக்கடி செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு நீரை விழுங்குவது நல்லது.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், விழுங்கும்போது வலியோ தடையோ இருந்தால், சளியில் இரத்தம் தெரிந்தால், கழுத்தில் கட்டி தோன்றினால், காரணமின்றி உடல் மெலிந்தால் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் சென்று காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரைக் காண வேண்டும். புகைபிடித்தவர்களும் வெற்றிலை போடுபவர்களும் இதில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும். குரல்வளைப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். "வயது போனால் குரல் கம்முந்தானே" என்று விட்டுவிடுவதே ஆபத்தானது.

ஆலயம் செய்யக்கூடிய உதவி

மேற்கூறியவற்றுள் பல தனிமனிதர் செய்ய வேண்டியவை. சில காரியங்கள் ஆலய பரிபாலன சபையின் கையிலேயே உள்ளன. அவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

மணியோசையும் தவிலும் நாதஸ்வரமும் முழங்கும் நேரத்தில் அவற்றுக்கு மேலாகப் பாட முயல்பவர் தம்மை அறியாமலே கத்துகிறார். பஞ்சபுராணம் ஓதும்போது மற்ற ஒலிகளை நிறுத்தும் வழக்கத்தைக் கூட்டுப்பிரார்த்தனைக்கும் கைக்கொள்ளலாம். ஒலிவாங்கியை மூத்தவர்களுக்கு அருகில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தால் அவர்கள் பேசும் அளவில் பாடினாலே போதும். காது மந்தமானவர்கள் தம் குரல் தமக்குக் கேளாததால் உரக்கப் பாடுவர். அவர்களைச் சுருதிப் பெட்டிக்கு அருகில் அமர்த்துவது உதவும். கற்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் நேரே வந்து படாத, காற்றோட்டமான இடத்தில் அவர்களை இருத்த வேண்டும். பதிகங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் குனிந்து படிக்கும் சிரமம் நீங்கும். பக்கத்தில் சுடுநீர்ப் போத்தல் ஒன்றும் இருக்கட்டும்.

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் பனியில் வந்து பாட வேண்டியுள்ளது. எழுந்தவுடன் குரல்நாண்கள் சற்று வீங்கியிருக்கும். ஆகவே மூத்தோர் அரை மணித்தியாலம் முன்னதாக எழுந்து, இளஞ்சூட்டு நீர் அருந்தி, சால்வையால் தலையையும் கழுத்தையும் போர்த்தி வருவது நல்லது. இருளில் கால் இடறாதபடி யாரேனும் ஒருவர் துணைக்கு வருவது அதைவிட நல்லது. திருவெம்பாவையின் 20 பாடல்களையும் ஒருவரே உரத்துப் பாடாமல் இரு பிரிவாக மாறி மாறிப் பாடினால் எவருக்கும் களைப்பு வராது.

புராண படனத்திலும் இவ்வாறு பங்கிடலாம். பாடலின் முதலடியை மூத்தவர் எடுத்துக் கொடுக்க, இளையவர் தொடர்ந்து முழுவதையும் வாசிக்கலாம். சில பாடல்களுக்குப் பிறகு மூத்தவர் ஓய்வாகக் கேட்டிருந்து பிழை திருத்தலாம். குரல் மிகவும் தளர்ந்தவர் பயன் சொல்லும் பக்கத்துக்கு மாறலாம். அறநெறிப் பாடசாலை மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணித்தியாலம் அவர்கள் அருகில் இருத்தி ஒரு பாடலையேனும் வாயால் சொல்லிப் பழக்கினால், கையடக்கத் தொலைபேசியில் அந்த ஓசையைப் பதிவுசெய்தும் வைத்தால், ஊரின் முதுசொம் ஒன்று காப்பாற்றப்படும். மூத்தவருக்கும் தாம் வேண்டப்படுகிறார் என்ற நிறைவு கிடைக்கும்.

இறைவன் முன் பாடுவதற்கு இனிய குரல் ஒரு தகுதியன்று. சூலைநோயால் துடித்தவரின் குரலையும் கேட்டு அருள்புரிந்தவன் அவன். நடுங்கும் குரலையும், நடுவே நின்று மூச்சு வாங்கும் குரலையும் அவன் கேட்பான். தூணோரம் ஒதுங்கிவிட்ட மூத்த அடியார் ஒருவரைச் சுருதியைச் சற்றுத் தாழ்த்தி மீண்டும் முன்வரிசைக்கு அழைத்து வருவதும் ஒரு சிவத்தொண்டே. கோயில்தோறும் இத்தொண்டு நடைபெறவும், மூத்தோர் நலத்தோடு நெடுங்காலம் திருமுறை பாடி மகிழவும், இளையோர் அதனைக் கேட்டுத் தொடரவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.

திருச்சிற்றம்பலம்